கடிக்கல டீச்சர், பல்லு பட்டுச்சு: பிள்ளைகளுக்கு ரேபிஸ் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை கெண்டைக்காலில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். டவுசருக்குக் கீழே பழுப்பாக ஒரு திட்டு. என்னடா இது என்றேன். "ஒண்ணுமில்ல டீச்சர்." விழுந்தியா? "இல்ல டீச்சர்." நாய் கடிச்சுதா? "கடிக்கல டீச்சர், பல்லு பட்டுச்சு." எப்போ? "சனிக்கிழமை." வீட்ல சொன்னியா? பதில் இல்லை. காப்பித்தூள் வைத்தது ஐந்தாம் வகுப்பில் இருந்த அவனுடைய அக்கா. இரண்டு பேருமாக வைத்தியத்தை முடித்துவிட்டு, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் செய்துகொண்டிருந்தார்கள்.

குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவி, அம்மாவை வரவழைத்து, அன்றைக்கே ஊசி ஆரம்பித்தோம். நன்றாக இருக்கிறான். ஆனால் எனக்குத்தான் பல நாள் உறுத்தியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ரேபிஸ் பாடத்தை சார்ட் ஒட்டி நடத்தி முடித்திருந்தேன். "நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் கோரஸாகப் பதில் சொல்லும். அவனும் சொன்னவன்தான். அவன் கணக்கில் அது கடியே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை மாற்றி மாற்றி நடத்திப் பார்த்துவிட்டேன். புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிற ஆசிரியர்கள், மாலை வகுப்புத் தன்னார்வலர்கள், பெற்றோர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தொடங்கும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி ஒரு வைரஸ் நோய். நோய் பிடித்த விலங்கின் எச்சிலில் கிருமி இருக்கும். கடி, கீறல், புண்ணில் படும் நக்கல் வழியாக உடம்புக்குள் வரும். மனிதருக்கு வருகிற ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம்தான். பூனை, குரங்கு, கீரி, நரி, ஏன், வெறிபிடித்த நாய் கடித்த மாடு, ஆடு மூலமும் வரலாம். அறிகுறி தெரியும்வரை நோயை முழுக்கத் தடுக்கலாம். தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

இந்த எண்கள் உங்களுக்கு. எட்டு வயதுப் பிள்ளையிடம் 59,000 என்றால் அது கணக்குப் பாடம் ஆகிவிடும். நோயாளி தண்ணீரைப் பார்த்து மிரளும் வீடியோக்கள் வாட்ஸாப்பில் சுற்றுகின்றன. அவற்றைத் தயவுசெய்து வகுப்பில் போடாதீர்கள். பயந்த பிள்ளை வாயைத் திறக்காது. நமக்கு வேண்டியது வாயைத் திறக்கிற பிள்ளை.

1. 'கடி' என்ற சொல்லைப் பிரித்துப் போடுங்கள்

பெரியவர்களுக்குக் கடி என்றால் கடி. பிள்ளைகளிடம் அதற்கே ஏழெட்டுச் சொல் இருக்கிறது. பல்லு பட்டுச்சு. கவ்விட்டு விட்டுடுச்சு. பிறாண்டிடுச்சு. விளையாட்டுக்குக் கடிச்சுச்சு. டவுசரைத்தான் கடிச்சுச்சு. குட்டிதான் டீச்சர். எங்க வீட்டு நாய்தான் டீச்சர்.

முதல் வகுப்பில் நோயின் பெயரைக்கூடச் சொல்லாதீர்கள். "நாயோ பூனையோ உங்களை என்னென்ன பண்ணியிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவன் ஆரம்பித்தால் போதும், வரிசையாக வரும். அவர்கள் சொல்கிற சொல்லை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். கடைசியில் எல்லாவற்றையும் சுற்றி ஒரே பெரிய வட்டம் போட்டு, "இதுல எது நடந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவணும், பெரியவங்ககிட்ட சொல்லணும்" என்று முடியுங்கள். ரத்தம் வரவில்லை என்றாலும் வட்டத்துக்குள்தான். இரண்டு வாரத்துக் குட்டி என்றாலும் வட்டத்துக்குள்தான். குட்டிக்கும் ரேபிஸ் வரும், குட்டியின் நகம் பட்டதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், அதனால் அதன் பிறாண்டலும் உள்ளே. அழகர்கோவிலுக்குப் போன இடத்தில் வாழைப்பழத்தைப் பிடுங்கிய குரங்கின் கீறலும் உள்ளே.

வட்டத்துக்கு வெளியே என்ன? நாயைத் தொட்டது, சோறு வைத்தது, புண்ணில்லாத தோலை நாய் நக்கியது. இவற்றுக்குக் கை கால் கழுவினால் போதும். இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெருவில் நாயைப் பார்த்ததற்கே அழுகிற பிள்ளைகள் ஒன்றிரண்டு உருவாகிவிடும்.

"எச்சில் ஒழுக்கிட்டு, வெறியோட ஓடி வந்தாத்தான் வெறிநாய்" என்று ஒரு பையனாவது சொல்வான். வாயைத் தொங்கப்போட்டு, குரல் மாறி, தள்ளாடிக்கொண்டு மூலையில் சுருண்டு கிடக்கிற நாய்க்கும் அதே நோய் இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தெரியும். இரக்கப்பட்டு வாயில் கைவிட்டுப் பார்க்கிற பெரியவர்களே இருக்கிறார்கள். அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும் என்பதால், பார்வைக்கு நல்ல நாய் என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

2. திட்டு விழாது என்று பெரியவர்களிடம் எழுதி வாங்குங்கள்

பிள்ளைகள் மறைப்பதற்குக் காரணம் நாய் இல்லை, நாம். "அங்க ஏன்டா போன?" "சும்மா இருந்த நாய நீ என்ன பண்ணுன?" "நான்தான் சொன்னேன்ல!" கூடவே ஊசி பயம், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று தாத்தா சொன்ன கதை. பயந்த பிள்ளை முழுக்கால் சட்டை போட்டு மூடிக்கொண்டு விடும். கடிபட்ட இடத்துக்கும் மூளைக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து நோய் வர வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். அதற்குள் காயம் ஆறி, எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள்.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: நாய் பட்டது என்று பிள்ளை சொன்னால் உங்கள் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது "சொன்னது நல்லது, வா கழுவலாம்". திட்டுவதை எட்டாம் நாள் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வந்து சேர்ந்து திட்டுகிறேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு வரியைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதச்சொல்லி, கீழே அம்மாவோ அப்பாவோ பாட்டியோ கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரச்சொல்வேன். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கப் பயப்படுகிறவர்கள்கூட இதற்கு ஓடிப்போய் வாங்கி வருகிறார்கள்.

வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் வேறு யாரிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேர் தெரிந்திருக்க வேண்டும். சத்துணவு அக்கா, பக்கத்து வீட்டு ஆச்சி, யாராக இருந்தாலும் சரி. அண்ணன், அக்கா மட்டும் கணக்கில் சேர்த்தி இல்லை. காப்பித்தூள் கதை தெரியுமல்லவா?

3. சோப்பு, குழாய், பதினைந்து நிமிடம்

சார்ட் ஒட்டி நடத்தக் கூடாத பாடம் இது. செய்துதான் காட்ட வேண்டும்.

ஒரு பிள்ளையின் காலில் நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சளை ஒரு ரூபாய் அளவுக்குத் தடவுங்கள். இன்னொரு காலிலும் அதேபோல. ஒரு காலை வெறும் தண்ணீரில் கழுவச்சொல்லுங்கள். தண்ணீர் உருண்டு ஓடும், எண்ணெய் அப்படியே இருக்கும். இன்னொரு காலில் சோப்பு. நுரை மஞ்சளாகி வழிந்து போவதைப் பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். ரேபிஸ் கிருமியைச் சுற்றியும் கொழுப்பாலான ஒரு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துக் கிருமியை அழித்துவிடும். துணி சோப்போ குளியல் சோப்போ, கைக்கு எட்டுவது எதுவானாலும் சரி.

அடுத்தது நேரம். பதினைந்து நிமிடம் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. பெரியவர்கள் பலருக்கும் அது இரண்டு நிமிடம்தான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, ஒரு பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தி, மற்றவர்களைச் சுற்றி நின்று பார்க்க வையுங்கள். நான்காவது நிமிடத்தில் "போதும் டீச்சர்" என்பார்கள். எட்டாவது நிமிடத்தில் சலித்துப்போவார்கள். விடாதீர்கள். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் மூன்றில் ஒரு பங்கு அது என்று உடம்பால் தெரிந்துகொண்டவன் மறக்க மாட்டான். குழாய் இல்லாத இடத்தில் குடத்துத் தண்ணீரைச் செம்பில் மொண்டு ஒருவர் ஊற்ற, இன்னொருவர் கழுவலாம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வாளிக்குள் காலை விட்டு ஊறவைக்கக் கூடாது. பெரியவர் கழுவிவிடும்போது கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முடித்ததும் தன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளட்டும்.

பிறகு 'கடிவாயில் வைக்கக் கூடாதவை' என்று ஒரு பட்டியலைப் பிள்ளைகளே சொல்லட்டும். வீட்டுக்கு வீடு ஒன்று வரும்: சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய், பச்சிலை. "மந்திரிச்சு விடுவாங்க டீச்சர்" என்பதும் வரும். பாட்டியைக் கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள். மந்திரிப்பது அவர்கள் விருப்பம், ஆனால் முதலில் சோப்பு, அப்புறம் ஆஸ்பத்திரி, அதற்கும் நேரம் மிச்சமிருந்தால் மற்றதெல்லாம். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

4. பாண்டிக் கட்டத்தில் கிருமி

கழுவிய பிறகும் ஏன் ஊசி என்ற கேள்விக்கு ஒரு ஆட்டம் வைத்திருக்கிறேன். தரையில் பாண்டி ஆடக் கட்டம் போடுவது போல, காலில் தொடங்கித் தலையில் முடியும் பத்துக் கட்டம் வரையுங்கள். கடைசிக் கட்டம் மூளை. ஒரு பிள்ளை கிருமி. கிருமி ரத்தத்தில் பஸ் பிடித்துப் போவதில்லை, நரம்பைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போகும். ஆகவே கைதட்டலுக்கு ஒரு கட்டம் மட்டும் நகரலாம். நான்கு பிள்ளைகள் காவலாளிகள், அதாவது நான்கு ஊசிகள். நீங்கள் நாளைச் சொல்லச்சொல்ல, 0, 3, 7, 28 என்று ஊசி போடுகிற நாள் வரும்போதெல்லாம் ஒருவர் ஓடிவந்து மூளைக் கட்டத்துக்கு முன்னால் கைகோத்து நிற்க வேண்டும். எல்லோரும் வந்துவிட்டால் கிருமிக்கு வழியில்லை. ஒருவரை வேண்டுமென்றே வராமல் நிறுத்திப் பாருங்கள். கிருமியாக வந்த பையன் அந்த இடைவெளியில் புகுந்து குதிப்பான். எதற்கு எல்லா ஊசியும் போட வேண்டும் என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்காது.

அடுத்த சுற்றில் கிருமியை எட்டாவது கட்டத்தில் நிறுத்துங்கள். முகத்தில் கடி. ஒரு காவலாளி வருவதற்குள்ளேயே ஆட்டம் முடிந்துவிடும். உயரம் குறைவு என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுவது அதிகம். இந்த மாதிரிக் கடிக்கும், ரத்தம் வந்த எல்லாக் கடிக்கும், காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற தனி மருந்து உண்டு. அதைப் பக்கத்து ஊரிலிருந்து கடனாக வந்த காவலாளி என்று சொல்வேன். நம் காவலாளிகள் வந்து சேரும்வரை அவர் நிறுத்திப் பிடிப்பார். அறிவியல் ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம், நான்காம் வகுப்புக்கு இது போதும்.

5. ஊசி பற்றி: பாதி பிள்ளைகளுக்கு, பாதி பெரியவர்களுக்கு

தொப்புள் ஊசி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்று பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்லுங்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2005 வாக்கிலேயே கைவிட்டுவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இரண்டு கையிலும் தோலுக்குள் துளித்துளியாகப் போடுகிறார்கள், இலவசமாக.

பெரியவர்கள் தடுமாறுகிற இடங்கள் இவை. முதலாவது, டெட்டனஸுக்குப் போடுகிற டி.டி. ஊசி வேறு, ரேபிஸ் ஊசி வேறு. டி.டி. போட்டுக்கொண்டு "ஊசி போட்டாச்சு" என்று திரும்பி வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் "நாய்க்கடி ஊசி, ஏ.ஆர்.வி. போட்டீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்கச்சொல்லுங்கள். இரண்டாவது, நாள் கணக்கு. முதல் ஊசி போடுகிற நாள் 1 இல்லை, 0. திங்கட்கிழமை தொடங்கினால் அடுத்தது வியாழன், பிறகு அடுத்த திங்கள், கடைசியாக நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். சதையில் போடுகிற முறையென்றால் 14ஆம் நாளும் ஒன்று, ஆக ஐந்து. தினசரிக் காலண்டரில் அந்தத் தாள்களில் பிள்ளையையே நாய்ப் படம் வரைந்து வைக்கச்சொன்னால், தாள் கிழிக்கிற அன்றைக்குத் தானாக ஞாபகம் வரும். ஓ.பி. சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

மூன்றாவது, ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் தேவையா என்று கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு அன்றைக்கே போய்விடுவது நல்லது. முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்கு மேல் ஆனால் அதைப் போட மாட்டார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவ உதவி எண்ணான 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

கடித்த நாய்க்கு நோய் தெரிகிறதா என்று பத்து நாள் கவனிக்கச் சொல்வது ஊசியைத் தள்ளிப்போடுவதற்கு அல்ல. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். பத்தியம் எதுவும் கிடையாது. கறி, மீன், முட்டை, தலைக்குளியல், எதற்கும் தடையில்லை. முன்பே முழுக்க ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்கு மறுபடி கடி விழுந்தால் 0, 3 என்று இரண்டு நாள் மட்டும் போதும். ஆனால் போட வேண்டும்.

மேல்வகுப்புப் பிள்ளைகள் என்றால் ஒரு கதை சொல்லலாம். 1885 ஜூலை 6ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர் இந்தத் தடுப்பூசியை முதன்முதலாகப் போட ஏற்பாடு செய்தது ஒன்பது வயதுப் பையனுக்கு. பெயர் ஜோசப் மைஸ்டர். பிழைத்துக்கொண்டான். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28தான் இப்போது உலக ரேபிஸ் நாள். நம் குன்னூரில் 1907 முதல் இருக்கிற பாஸ்டர் நிறுவனத்துக்குப் பெயர் வந்த கதையும் இதுதான். இலங்கையில் உறவினர் இருக்கிற பிள்ளைகள் "விசர்நாய்" என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். அதுவும் இதே வெறிநாய்தான் என்று சொல்லிவிடுங்கள்.

6. மரம், கல்

மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் "நாய்!" என்று கத்தியதும் பிள்ளைகள் மரமாக நிற்க வேண்டும்: கால் ஒட்டி, கை தொங்கி, பார்வை தன் காலில், வாய் மூடி. நாய் மோந்து பார்த்துவிட்டு அலுத்துப் போய்விடும். ஓடினால் துரத்தும், நாயை முந்தி ஓடுகிற பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. கீழே விழுந்துவிட்டால் கல்: குப்புறச் சுருண்டு, முகம் தரையில், இரண்டு கையும் காதையும் பிடரியையும் மூட வேண்டும். சைக்கிளில் வரும்போது துரத்தினால் மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். கையில் தின்பண்டம் இருந்தால் கீழே போட்டுவிடலாம்.

ஊரெல்லாம் சொல்லித்தருகிற ஒரு உத்தியை மட்டும் நான் மறுப்பேன். குனிந்து கல்லெடுப்பது போலப் பாவ்லா காட்டு என்பார்கள். பெரியவர் செய்தால் நாய் ஓடலாம். ஏழு வயதுப் பிள்ளை குனிந்தால் அதன் முகம் சரியாக நாயின் வாய்க்கு நேரே வரும்.

தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், கட்டிப்போட்ட நாய்: இந்த நாலு பேரிடமும் போகக் கூடாது. காதை மடக்கி, வாலை இடுக்கி, முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதையெல்லாம் நடித்துக் காட்டச்சொன்னால் அன்றைக்கு முழுக்க வகுப்பில் நாய்கள்தான்.

7. தெரு நாய்களுக்கு வருகைப் பதிவேடு

இது என் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடித்தது. ஒரு பழைய நோட்டில் தங்கள் தெரு நாய்களின் பெயர், நிறம், இருக்குமிடம் எழுதி வைத்தார்கள். மணி, டீக்கடை முன்னால். கருப்பி, ரேஷன் கடைத் திண்ணை, நாலு குட்டி. கடைசிப் பத்தியின் தலைப்பு 'ஊசி போட்டாச்சா?'. ஊராட்சியும் கால்நடை மருந்தகமும் சேர்ந்து முகாம் நடத்துகிற அன்றைக்கு அந்த நோட்டு பெரிய உதவி. எந்த நாய் யார் கூப்பிட்டால் வரும் என்பதுகூட அதில் இருந்தது. ஒரு ஊரில் பத்துக்கு ஏழு நாய்க்குத் தொடர்ந்து ஊசி போட்டுவந்தால் நோய் பரவுவது அறுந்துவிடும். வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி ஆண்டுதோறும். நாயைப் பிடிக்கிற வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் நோட்டோடு தள்ளி நிற்கட்டும்.

பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு கேள்வி கேளுங்கள். மனப்பாடம் எவ்வளவு, மனசில் நின்றது எவ்வளவு என்று அப்போது தெரியும். போன வருடம் நான் கேட்டது: "குட்டி நாயோட விளையாடும்போது பல்லு பட்டுடுச்சு, ரத்தம் வரல. முதல்ல என்ன நடக்கணும்?" பாதிப் பேர் சோப்பு என்றார்கள். சிலர் ஊசி என்றார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கிவிட்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்:

"முதல்ல நீங்க திட்டக் கூடாது டீச்சர்."